சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கிலோமீட்டரா, 16,700 கிலோமீட்டரா?

ஒரு வாசகரின் கேள்வி. நவம்பர் 3, 2024

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? இணையத்தில் தூரம் கணக்கிடும் பக்கங்களில் தேடினால் 15,300 சொச்சம் என்று வருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கான சேவையை மீண்டும் தொடங்கியபோது ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர், 18 மணி 45 நிமிடம் என்று அறிவித்தது. 1,400 கிலோமீட்டர் எப்படி உதைக்கிறது? விமானங்கள் தேவையில்லாமல் வளைத்துக்கொண்டு போகின்றன என்பதே என் எண்ணம். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று ஒரே போக்காகப் போய்விடலாமே?

நவம்பர் 3, 2024, இரவு

இரண்டு எண்களும் சரி. நேர்க்கோடு யோசனைதான் தவறு.

வரைபடத்தை மூடிவிட்டு உருண்டையான உலகப் பந்து ஒன்றை எடுங்கள். சிங்கப்பூரில் ஒரு நூலை ஒட்டி, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தளர்ந்திருக்கும்வரை எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். விறைப்பாக இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறி, வட துருவத்துக்கு அருகில் போய் நிற்கும். அதுதான் குறைந்த தூரம். பெருவட்டப் பாதை என்பார்கள். நீங்கள் சொன்ன ஆப்பிரிக்கக் கோடு ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் வரும். தட்டையான தாளில் நேராகத் தெரிவது பூமியின் மேல் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று.

இந்த ஜோடி நகரங்களில் ஒரு வசதி இருக்கிறது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகை, நியூயார்க் மேற்கு 74. கூட்டினால் 178. இன்னும் இரண்டு பாகை இருந்திருந்தால் வட துருவத்துக்கு இரு புறமும் நேர் எதிரெதிரே. ஆகவே கணிப்பொறி வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கே போதும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை ஏற வேண்டும். அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை இறங்க வேண்டும். மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 15,318. துல்லியமாகக் கணக்கிடுபவர்கள் 15,350ஐ ஒட்டிச் சொல்கிறார்கள். நூலும் பெருக்கலும் கொண்டு இவ்வளவு அருகில் வர முடிகிறது என்பதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

பூமியில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். அதில் முக்கால் பங்குக்கும் மேல் இந்த ஒரே பயணம்.

கூடுதல் 1,400 பற்றி நாளை.

நவம்பர் 4, 2024

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையமா, நியூவார்க்கா, எது தூரம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனால் சிங்கப்பூரிலிருந்து அளந்தால் கென்னடிதான் தூரம், அதுவும் வெறும் ஐந்து கிலோமீட்டர் அளவுக்குத்தான். துருவத்திலிருந்து இறங்கி வரும்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒன்று தெருவில் ஓரடி தள்ளி இருக்கிறது, அவ்வளவே.

நவம்பர் 4, 2024, சற்றுப் பிறகு

1,400 எங்கிருந்து வந்தது என்றால், காற்றிலிருந்து. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது என்றால் அது காற்றுக்குள் போகும் வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். ஆற்றில் படகு விட்டவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சற்றுச் சுற்றினாலும் நீரோட்டத்தோடு போகிறவன்தான் முதலில் கரை சேருவான்.

16,700ஐ 18 மணி 45 நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். 890 வருகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம்.

நவம்பர் 6, 2024

“அவ்வளவு தூரம் போகிற விமானத்தில் கூடுதல் தொட்டி வைத்திருக்கிறார்களா?” இல்லை. ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் என்ற மிக நீண்ட தூர விமான வகையில் எரிபொருள் அமைப்பை மாற்றி, இருக்கிற தொட்டிகளிலேயே 165,000 லிட்டர் நிரப்புகிறார்கள். எடையில் ஏறத்தாழ 130 டன். விமானம் 280 டன்னுக்கு மேல் எழும்ப முடியாது. அதில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். முன்பக்கச் சரக்கறையைப் பயன்படுத்துவதில்லை. இருக்கைகள் 161 மட்டுமே: பிசினஸ் வகுப்பு 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது.

எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது என்பதுதான் நீண்ட தூரப் பயணத்தின் பெரிய சிக்கல். 2004 ஜூனில் இதே சேவையைத் தொடங்கிய ஏ340-500க்கு நான்கு இயந்திரங்கள். எண்ணெய் விலை ஏறியபோது அதைத் தாங்க முடியவில்லை. 2008இல் நூறே நூறு பிசினஸ் இருக்கைகளாக மாற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரட்டை இயந்திர ஏ350 வந்த பிறகு, 2018 அக்டோபரில் நியூவார்க்குக்கு மீண்டும் தொடங்கினார்கள். கென்னடிக்கு 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவில்.

இடையில் உள்ள அந்த ஐந்து ஆண்டுகளை எங்கள் குடும்பம் மறக்காது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 9, 2024

எழுத வேண்டியதில்லை என்று சொன்னேன். ஆனால் கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நியூயார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது, இங்கே சிங்கப்பூரின் தெம்பனிஸில் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், “ஏதாவது ஒன்று என்றால் எத்தனை மணி நேரத்தில் வர முடியும் என்பதுதான் அண்ணா என் உண்மையான கேள்வி” என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, முதலிலேயே அப்படிக் கேட்டிருந்தால் நூலையும் பந்தையும் எடுத்திருக்க மாட்டேன்.

என் அம்மா 2016 மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு, அங் மோ கியோவில் எங்கள் வீட்டில் காலமானார். என் தம்பி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறான். அங்கே முதல் நாள் பிற்பகல் மூன்று மணி. அலுவலகத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அன்று இரவு விமானம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. மறுநாள் மாலைதான் கிளம்பினான். இடைநில்லாச் சேவை இல்லாத காலம். ஐரோப்பாவில் மாறி வந்தான். வானில் இருந்தது இருபது மணி நேரத்துக்கும் குறைவு. நான் தொலைபேசியை வைத்ததிலிருந்து அவன் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அம்மாவின் காலடியில் வந்து நின்றதுவரை 52 மணி நேரம்.

இவ்வளவு நேரம் வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அப்பா ஒரே வார்த்தையில், “சின்னவன் வரட்டும்” என்றார். மண்டாய் தகனச் சாலையில் வேறு நேரம் வாங்கினோம். வந்தவனிடம் தோளில் ஒரு பை மட்டும்தான். நடுவில் இறங்கிய விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் ஒரு கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னான்.

ஆகவே உங்களுக்கு என் பதில்: 18 மணி 45 நிமிடத்தை நம்பி உட்காராதீர்கள். அது விமானத்தின் நேரம். உங்கள் நேரம் தொலைபேசி அடித்ததிலிருந்து அப்பாவின் கட்டிலருகே போய் நிற்பதுவரை. அதில் பெரிய பங்கு அடுத்த விமானம் எப்போது, அதில் இடம் உண்டா என்பதற்குப் போகிறது. அவசரத்தில் நாளை இரவு இடைநில்லா விமானத்துக்குக் காத்திருப்பதைவிட, இன்று பிற்பகலே கிளம்பி ஃபிராங்க்ஃபர்ட்டிலோ தோக்கியோவிலோ தோஹாவிலோ மாறி வருவது முன்னதாகச் சேர்த்துவிடலாம். நியூயார்க்கில் மூன்று பெரிய விமான நிலையங்கள் உண்டு. ஆனால் லகார்டியாவிலிருந்து பொதுவாக உள்நாட்டுப் பயணங்கள்தான், கடல் கடக்கக் கென்னடி அல்லது நியூவார்க். கடப்பிதழை அலுவலகப் பையிலேயே வைத்திருங்கள். என் தம்பி இன்றுவரை அப்படித்தான் வைத்திருக்கிறான்.

நவம்பர் 10, 2024

“நேரடி”, “இடைநில்லா” இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஓர் ஊரில் இறங்கி, பயணிகளை இறக்கி ஏற்றி, அதே எண்ணில் மேலே போனாலும் அது நேரடிச் சேவைதான். சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகக் கென்னடி போகும் சேவை அந்த வகை. டிக்கெட் வாங்கும்போது எத்தனை நிறுத்தம் என்ற வரியைப் பாருங்கள்.

நவம்பர் 17, 2024

நேர வித்தியாசம் 12 மணி என்று இன்னோர் இழையில் எழுதியிருந்தேன். திருத்தம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரைதான் 12. குளிர்காலத்தில் 13. கேள்வி பதிவான நவம்பர் 3தான் இந்த ஆண்டு அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளிய நாள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 104 பாகையில் இருக்கும் சிங்கப்பூருக்குச் சூரியக் கணக்குப்படி கிரீனிச்சைவிட 7 மணி நேரம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். நாம் 8 வைத்திருக்கிறோம். அதனால்தான் இங்கே ஏழு மணிக்கு விடிகிறது. மலேசியா தன் நேரத்தை ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே நகர்ந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு அப்பா நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பினார். புத்தாண்டு அரை மணி முன்பே வந்துவிட்டது என்று நானும் தம்பியும் குதித்தோம். அதே அரை மணி இல்லாவிட்டால் இன்று அவனுக்கும் எனக்கும் கோடையில் சரியாகப் பன்னிரண்டு வந்திருக்காது.

டிசம்பர் 14, 2024

நாளை இரவு கிளம்புகிறேன். எட்டு ஆண்டுகளாகத் தம்பிதான் வந்து போகிறான். இந்த முறை நான். சன்னலோர இருக்கை வாங்கியிருக்கிறேன். நூல் காட்டிய துருவத்தைப் பார்த்துவிட வேண்டும்.

டிசம்பர் 18, 2024, குவீன்ஸ்

துருவம் இல்லை. நவம்பர் 3 குறிப்பைப் படித்துவிட்டு விமானம் துருவத்தின் மேல் போகும் என்று நினைத்தவர்கள் மன்னிக்க வேண்டும். நூல் காட்டுவது குறைந்த தூரம். விமானி எடுப்பது குறைந்த நேரம். காற்றைப் பற்றி நானே நவம்பர் 4இல் எழுதியிருந்தும் மனத்தில் துருவம்தான் இருந்தது.

நாங்கள் போனது இப்படி: தென்சீனக் கடல், பிலிப்பீன்ஸ், ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக், அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே, அலாஸ்கா வளைகுடா, கனடா, பிறகு தெற்கே இறங்கி நியூயார்க். ஜப்பானைத் தாண்டும்போது திரையில் தரைவேகம் 1,140 என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இயந்திரம் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. காற்றுதான் தூக்கிக்கொண்டு போகிறது.

துருவ வழி போகாததற்குக் காற்று மட்டும் காரணமல்ல. 2022க்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. துருவத்துக்குப் போகும் வழியில் ஆசியப் பக்கத்தில் ரஷ்யாவின் சைபீரியாவைத் தாண்டியாக வேண்டும். அந்த உயரத்தில் குளிரும் கடுமை. வழக்கமான ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை. இறக்கைக்குள் இருக்கும் எண்ணெயின் வெப்பநிலையை விமானிகள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது உறைநிலையை நெருங்கினால் சற்றுக் கீழே இறங்குவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள்.

பகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினோம். பசிபிக்கின் மேல் திங்கட்கிழமை விடிந்தது. மூன்று மணி நேரம் கழித்துத் தேதிக் கோட்டைத் தாண்டினோம். அது மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றின் சூரியன் அலாஸ்காவுக்குத் தெற்கே அஸ்தமித்தது. முழுப் பகலும் ஐந்து மணி நேரம்கூட இல்லை. பிறகு நீண்ட இரவு. கென்னடியில் இறங்கியபோது இரண்டாம் முறையாகத் திங்கட்கிழமை விடியவிருந்தது. தூங்கவே இல்லை. தூங்குவதற்கு மனம் வரவில்லை.

வாசலிலிருந்து வாசலுக்கு, அங் மோ கியோ வீட்டைப் பூட்டியதிலிருந்து குவீன்ஸில் தம்பி வீட்டுக் கதவு வரை: 23 மணி 20 நிமிடம்.

டிசம்பர் 22, 2024

சின்னக் குறிப்பு. ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். கீழே உள்ள உணவகத்தில் தோசை. பக்கத்து மேசையில் இரண்டு குடும்பங்கள் இதே பேச்சுத்தான் பேசிக்கொண்டிருந்தன: சென்னைக்கு எந்த வழி, எங்கே மாறுவது, எத்தனை மணி நேரம். தம்பி சொன்னான், “இந்த ஊரில் நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியம் இதுதான்.”

ஜனவரி 15, 2025, சிங்கப்பூர்

பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தேன். திரும்பும்போது எதிர்க்காற்று, நேரம் அதிகமாகும் என்று எண்ணியிருந்தேன். அதுவும் தவறு. வந்த வழியே திரும்பவில்லை. மறுபடி கிழக்கேதான்! அட்லாண்டிக், ஐரோப்பா, காஸ்பியன் கடல், இந்தியாவைக் குறுக்கே கடந்து வங்கக் கடல், சாங்கி. போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று. நகரங்கள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. எந்தப் பக்கம் போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

ஆக, பூமியை ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்துவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில், தம்பியைப் பார்க்கப் போன வழியில்.

இரண்டு பயணமும் சேர்த்து ஏறத்தாழ 33,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 ஆயிற்றே, எப்படிக் குறையும் என்று அக்கா மகன் கேட்டான். நிலநடுக்கோட்டில் சுற்றினால்தான் 40,000. வடக்கே ஏற ஏற வளையம் சிறுக்கிறது.

அவனே இன்னொன்றும் கேட்டான்: “சனிக்கிழமை இரவு ஏறித் திங்கட்கிழமை காலை இறங்கியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனது?” அதை நான் டிசம்பரிலேயே செலவழித்துவிட்டேன் என்றேன். சிரித்தான். ஆனால் கணக்கு சரிதான். இந்த மாதத்தில் சிங்கப்பூரில் இருந்தவர்களைவிட நான் ஒரு சூரிய உதயம் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். 1522இல் உலகை முதன்முதலாகச் சுற்றி முடிக்கவிருந்த மகெல்லன் குழுவின் கப்பல் கேப் வெர்டே தீவுகளைத் தொட்டபோது, மாலுமிகளின் கணக்கில் புதன், கரையில் வியாழன். அவர்கள் மேற்கே சுற்றியதால் ஒரு நாளை இழந்திருந்தார்கள். எனக்கு அது கிடைத்தது.

ஜனவரி 16, 2025

ஜெட் காற்றை இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் அதில் சிக்கித் திணறியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1920களில், வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் ததேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களை விட்டு அந்தக் காற்றை அளந்துவிட்டார். 1926இல் அறிக்கையும் வெளியிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். வெளியே எவரும் கவனிக்கவில்லை. இந்த மனிதரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்று ஒவ்வொரு இரவும் நூற்றுக்கணக்கான விமானங்கள் அவர் அளந்த ஆற்றில் போகின்றன.

பிப்ரவரி 8, 2025

கேள்வி கேட்ட தம்பி வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டார். இம்மாதக் கடைசியில் கிளம்புகிறார். நல்லது. அப்பாவை யார் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது என்பதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறாராம்.

நவம்பர் 9 குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. நள்ளிரவில் அங்கே தொலைபேசி அடித்தால் இங்கே நண்பகலோ பிற்பகல் ஒரு மணியோ. அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு டிக்கெட் தேடுவது மிகக் கடினம். இங்கே ஒரு நண்பரோ உறவினரோ உங்கள் கடப்பிதழ் விவரத்தோடு டிக்கெட் எடுக்கத் தயாராக இருக்கட்டும். 2016இல் அதை நான் செய்திருக்கலாம். தோன்றவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

மார்ச் 10, 2025

நேற்று நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டார்கள். நவம்பர் வரை இனி 12 மணி நேரம். தம்பி வீட்டுச் சமையலறையில் முள் வைத்த பழைய கடிகாரம் ஒன்று இருக்கிறது. அப்பா நாற்காலி போட்டு ஏறித் திருப்பிய அதே கடிகாரம். 2016இல் ஊர் திரும்பும்போது அதை மட்டும் கேட்டு வாங்கிப் போனான். இப்போது அதுவும் என் கைக்கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. இன்று ஏழரைக்குக் கூப்பிட்டான். அவனுக்குக் காலை இட்லி, எனக்கு இரவு இட்லி. கேள்வி கேட்ட தம்பியின் அப்பா எப்படி இருக்கிறார் என்று அவனும் விசாரித்தான். எழுதுங்கள்.